கதவருகே எழுபத்திரண்டு கிலோ

ஜெபசெல்விக்கு வக்கீல்கள் மேல் எப்போதுமே ஒரு சந்தேகம் உண்டு. எதிராளிக்குச் சாதகமான விஷயத்தைக்கூடச் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிற வக்கீல் என்றால் சந்தேகம் இரண்டு மடங்காகும். மதுரையில் உயர் நீதிமன்றத்தின் மூடிய அறை விசாரணையில் அன்று காலை சடகோபன் அப்படித்தான் சிரித்தார்.

"தரை பொய் சொல்லுச்சுன்னு நான் சொல்லவே இல்ல, மை லேடி. தரைக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்காங்கன்னுதான் சொல்றேன்."

வழக்கு சங்கரன்கோவிலில் இருந்து வந்தது. நான்கு வருஷங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், கணவனின் அண்ணன் தன்னைப் பலாத்காரம் செய்தான் என்று ஒரு பெண் புகார் கொடுத்தாள். அவள் பெயரை எங்கும் எழுதக் கூடாது என்பது சட்டம். அதனால் எல்லாக் காகிதங்களிலும் அவள் முதல் சாட்சி. அண்ணன் பால்வண்ணம். தம்பி, அதாவது அவள் கணவன், கோமதிநாயகம். கீழ்க்கோர்ட் பால்வண்ணத்துக்கு ஆயுள் தண்டனை விதித்திருந்தது. அதை எதிர்த்துத்தான் இந்த மேல்முறையீடு.

மேல்முறையீட்டில் வழக்கை முதலிலிருந்து நடத்துவதில்லை. கீழே கட்டிய சுவர் கீழே வைத்த அஸ்திவாரத்தில் நிற்குமா என்று தட்டிப் பார்ப்பதோடு சரி. பெண்ணின் வாக்குமூலம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே போதும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கீழ்க்கோர்ட் நீதிபதி அதில் ஏனோ சாயவில்லை. புகார் மூன்றாம் நாள்தான் வந்தது, மருத்துவச் சான்றில் ஒன்றும் தேறவில்லை என்றெல்லாம் தயங்கிவிட்டு, கடைசியில் தீர்ப்பின் முழு பாரத்தையும் அந்த வீட்டுத் தரையின் மேல் ஏற்றி வைத்திருந்தார். தரை விழுந்தால் தண்டனை விழும். பால்வண்ணம் அதே வீட்டு மாடிக்குத் திரும்பி வருவான். கீழே அவள் இருப்பாள்.

சென்சார் தரை இன்றைக்கு வயதானவர்கள் உள்ள வீடுகளில் புதுமை இல்லை. அந்த வீட்டில் சகோதரர்களின் அப்பாவுக்கு நடுக்குவாதம், அடிக்கடி விழுவார். அதற்காகக் காப்பீட்டில் போட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு டைல்ஸின் நான்கு மூலைக்கும் கீழே நகக்கண் அளவில் ஒரு உணரி. வீட்டுக்குள் நாம் வெறுங்காலோடு நடக்கிறோம். குதிகால் முதலில் இறங்கும், பாதம் உருளும், பெருவிரல் கடைசியில் தள்ளிவிடும். இந்த மூன்றுக்கும் இடையே உள்ள நேரமும் அழுத்தமும் ஆளுக்கு ஆள் வேறு. ஜெபசெல்வி இதைப் பதினேழு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். யாராவது வராந்தாவில் வந்தால் தலையைத் தூக்காமலே இன்னார் என்று சொல்லிவிடுவாள். உயர் நீதிமன்றம் அவளைத் தொழில்நுட்ப மதிப்பீட்டாளராக வைத்திருப்பதும் அதனால்தான்.

ஆனால் எந்தத் தரைக்கும் முதலில் ஆளை அறிமுகம் செய்துவைக்க வேண்டும். தரை போடுகிற அன்று வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்து முறை நடப்பார்கள். அதற்கு நடைப்பதிவு என்று பெயர்.

சடகோபன் பிடித்த நுனி அதுதான். நடைப்பதிவு நடந்த அன்று பால்வண்ணம் ஊரிலேயே இல்லை என்றார். சேலை எடுக்க சூரத் போயிருந்தான். வந்த தொழிலாளிக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். ஆள் குறைகிறதே என்று அவன் தலையைச் சொறிந்தபோது, அண்ணன் பெயருக்கும் தம்பியே நடந்துவிட்டான். ரேஷன் கடையில், பாங்கில், பஞ்சாயத்து ஆபீஸில், அண்ணனுக்குத் தம்பி கையெழுத்துப் போடுகிற குடும்பங்களில் இது ஒரு விஷயமே இல்லை. கையெழுத்துக்குப் பதில் கால், அவ்வளவுதான்.

"அதனால அந்தத் தரைக்குப் பால்வண்ணம்னா அது தம்பியோட கால், மை லேடி. அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள போனது அவளோட வீட்டுக்காரர். பொண்டாட்டி ரூமுக்குப் புருஷன் போயிருக்காரு. தறிக்கூடத்தைப் பாகம் பிரிக்கறதுல அண்ணன்கூட மனஸ்தாபம். அதுல ஜோடிச்ச கதை இது."

மூத்த நீதிபதி இருக்கையில் இருந்த நூர்ஜஹான் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஜெபசெல்வியின் பக்கம் திரும்பி, ஒரே ஒரு கேள்விக்கு இரண்டு வாரத்தில் பதில் வேண்டும் என்றார். தரை சொன்ன அடையாளத்தை நம்பலாமா, கூடாதா?

கோப்பை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது அவள் மனதில் ஓடியது அந்தக் கேள்வி இல்லை. நான்கு வருஷம் யாருக்கும் தெரியாத இந்த விஷயம் சடகோபனுக்கு இப்போது எப்படித் தெரிந்தது? பால்வண்ணத்தின் மனைவி கொடுத்திருந்த பிரமாணப் பத்திரத்தில், 'குடும்பத்தில் கேள்விப்பட்டேன்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தரை போட்ட அன்று அவளும் புருஷனோடு சூரத் போயிருந்தாள். வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். மாமனார், அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்போது கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத முதல் சாட்சி. அப்புறம் கோமதிநாயகம்.

தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்ள அந்தப் பெண்ணுக்குப் பைத்தியமா? அப்படியானால் கோமதிநாயகம்தான். அண்ணனும் தம்பியும் உள்ளுக்குள் ராசியாகிவிட்டார்கள். வெளியே அவன் மனைவிக்காகச் சாட்சி சொன்ன புருஷன். உள்ளே அண்ணனை வெளியே எடுக்கிற தம்பி. இந்த எண்ணம் வந்ததும் ஜெபசெல்விக்கு அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டும் போல இருந்தது.

சங்கரன்கோவிலுக்கு அவள் கோர்ட் அமீனாவோடு போய் இறங்கியபோது தெரு முழுக்கத் தறிச் சத்தம். இரு தரப்பு ஜூனியர் வக்கீல்களும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். சாட்சிகளோடு வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது ஜெபசெல்விக்கான விதி. அதனால் அவள் தரையோடு மட்டும் பேசினாள். கூடம், கூடத்திலிருந்து நீளமாக ஒரு நடை, அதன் வலப்பக்கம் தம்பியின் சிறிய படுக்கையறை, கடைசியில் மாடிப்படி. மாடிக்கு வெளியே இருந்து வேறு படி இல்லை, பின்பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். எல்லாவற்றையும் அளந்து எழுதிக்கொண்டாள்.

கோமதிநாயகம் உயரமான, மரியாதையான ஆள். கேட்காமலே காப்பி வந்தது. கேட்காமலே பேச்சும் வந்தது. அன்றைக்குத் தான் தறிக்கூடத்தில்தான் இருந்ததாகவும், நாலு மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வந்ததாகவும் இரண்டு தரம் சொன்னான். விதியை நினைவுபடுத்தி அமீனா தடுத்தார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, படிக்கட்டுக்குக் கீழே இருந்த கன்ட்ரோல் பெட்டியை அவள் கழற்றும்போது மறுபடியும் பக்கத்தில் வந்து நின்றான்.

"இதுக்குள்ள எவ்வளவு நாள் பழசு கெடக்கும் மேடம்?"

"ஏழு வருஷம் வச்சிருக்கணும்னு காப்பீட்டு விதி."

"கோர்ட்டுக்கு அப்பமே குடுத்துட்டோமே."

"அது சுருக்கம். இது மூலம்."

அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. பயமா, வெறும் வெயில் களைப்பா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. முதல் சாட்சி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். பெட்டியைப் பையில் வைத்துச் சீல் போடும் வரை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதுவும் ஜெபசெல்விக்கு இயல்பாகப் படவில்லை. தோற்கப்போகிற ஆள் அப்படி நிதானமாகப் பார்ப்பதில்லை.

மதுரைக்கு வந்ததும் முதல் வேலையாக நடைப்பதிவைத் திறந்தாள். சடகோபன் சொன்னது பொய்யாக இருக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் காலை 10:41க்கு ஒரு பெயரிலும் 10:47க்கு இன்னொரு பெயரிலும் நடந்தது ஒரே காலடி. இடது குதிகால் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்து இறங்குகிற அதே காலடி. கீழ்க்கோர்ட் தீர்ப்பில் தடித்த எழுத்தில் இருந்த 'தொண்ணூற்று நான்கு சதவீதப் பொருத்தம்' என்பதன் லட்சணமும் அப்போதுதான் தெரிந்தது. பால்வண்ணம் என்ற பதிவோடு தொண்ணூற்று நான்கு பொருந்துகிறது என்று தரை சொன்னது உண்மை. பக்கத்தில் கோமதிநாயகம் என்ற பதிவோடு தொண்ணூற்று மூன்று பொருந்துகிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததைத் தரை சொல்லாது. ஒரே அப்பாவுக்குப் பிறந்து, ஒரே வீட்டில் அவர் பின்னாலேயே நடந்து நடை பழகிய இரண்டு பேர். பெயர் வைத்ததும் ஒரே காலுக்கு. அதற்கப்புறம் தரை சொன்ன பெயர் எல்லாம் பூவா தலையா போட்டதுதான்.

ஆக, கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. நம்ப முடியாது. ஒரு வரி. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம்.

அனுப்பவில்லை. அதற்கு மனசாட்சி எல்லாம் காரணமில்லை, ஒரு கடிகாரத்தைத் திறந்துவிட்டால் எல்லாச் சக்கரமும் சுற்றுவதைப் பார்க்காமல் மூடத் தெரியாத அவளுடைய பழக்கம்தான். சுருக்கப் பதிவில் எதையெல்லாம் விட்டிருக்கிறார்கள் என்று மூலத்தோடு வைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டு வாரம் முடிந்த அன்று அறிக்கையை எடுத்துக்கொண்டு அவள் நீதிபதிகளின் அறைக்குப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் நூர்ஜஹான் அம்மாவும் இளைய நீதிபதியும். இந்தப் பக்கம் சடகோபனும் அரசு வக்கீலும். முதல் பாதியை அவள் சொல்லி முடித்தபோது சடகோபன் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. அரசு வக்கீல் பேனாவை மூடிவைத்தார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றாள் ஜெபசெல்வி.

"கேட்ட கேள்விக்குப் பதில் வந்துடுச்சே, மை லேடி" என்றார் சடகோபன்.

"மூலப் பதிவைத் திறக்கணும்னு மனு போட்டதே நீங்கதானே, திறந்ததை முழுசாக் கேட்டுடலாம்" என்று நூர்ஜஹான் அம்மா சொன்னார்.

ஜெபசெல்வி தண்ணீர் குடித்துக்கொண்டாள். விளக்குவது அவளுக்குப் பிடித்த வேலை. ஆனால் அன்று முதல் முறையாக, விளக்கி முடிக்காமலே இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

தரைக்கு இரண்டு விதிகள் உண்டு என்று ஆரம்பித்தாள். முதல் விதி, ஒரு பெயருக்கு உரிய ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அப்படி இரண்டு இடத்தில் காலடி கேட்டால், பலமானதை வைத்துக்கொண்டு மற்றதை அதிர்வின் எதிரொலி என்று தரை ஒதுக்கிவிடும். எல்லா வீட்டுக்கும் சரியான விதி. ஆனால் இந்த வீட்டில் ஒரு பெயருக்குள் இரண்டு ஆள்.

"அன்னைக்கு 2:58க்குப் பால்வண்ணம்ங்கற பேருல ஒருத்தர் மாடிப்படியில இறங்கி, நடை வழியா வந்து அந்த ரூமுக்குள்ள போறாரு. கதவு மூடுது. 3:10க்கு அதே பேருல இன்னொரு நடை. தெருவாசல்ல இருந்து. ஏற்கெனவே ஒரு பால்வண்ணம் ரூமுக்குள்ள இருக்கறதால இதை எதிரொலின்னு தரை ஒதுக்கிடுச்சு. சுருக்கத்துல அதனாலதான் வரலை. யாரு எந்த வழியா வந்து போனாங்கங்கறதும் சுருக்கத்துல இல்ல."

"அப்போ வீட்டுல ரெண்டு பேருமே இருந்திருக்காங்க" என்றார் இளைய நீதிபதி மெதுவாக.

"இருந்திருக்காங்க, மை லார்ட். ரெண்டாவது ஆள் ரூம் வாசல் வரைக்கும் வர்றாரு. அங்க காலடி நின்னுடுது. திரும்பிப் போன தடமும் இல்ல."

"ஆள் எங்கே போனான்?"

"அங்கேயேதான் நின்னாரு. அதுக்குத்தான் ரெண்டாவது விதி."

கடையில் தராசில் பாத்திரத்தை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார்களே, தரையும் அதைச் செய்யும் என்றாள். கட்டில், பீரோ, தண்ணீர் டிரம் என்று வீட்டில் ஆயிரம் சாமான் இடம் மாறும். ஒவ்வொன்றுக்கும் தரை பதறிக்கொண்டிருக்க முடியாது. அதனால் இரண்டு நிமிஷம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் எடை எதுவானாலும் தரைக்கு அது சாமான். வந்து நின்ற நேரத்தைப் போட்டுச் சாமான் என்று எழுதிவிட்டு அந்த இடத்தைப் பூஜ்யமாக்கி மறந்துவிடும். விழுகிறவரைப் பிடிப்பதுதான் அதன் வேலை, நிற்கிறவரைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

அறிக்கையின் பதினோராம் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்தாள். நூர்ஜஹான் அம்மா அதை வாய்விட்டு வாசித்தார். "நேரம் 3:11. சிறிய படுக்கையறைக் கதவருகே சாமான் வைக்கப்பட்டது. எழுபத்திரண்டு கிலோ. நேரம் 3:20. சாமான் அகற்றப்பட்டது."

ஜெபசெல்வி அடுத்த வரியை விரலால் காட்டினாள்.

"3:20க்கு அப்புறம் எதிரொலி தெருவாசல் வழியா வெளிய போயிடுது. 3:27க்கு ரூமுக்குள்ள இருந்தவரு வெளிய வந்து மாடி ஏறிடுறாரு. 4:02க்குத் தெருவாசல் வழியா ஒருத்தர் வீட்டுக்குள்ள வர்றாரு."

"4:02க்கு வந்தது கோமதிநாயகம்" என்றார் அரசு வக்கீல். "அதுல ரெண்டு தரப்புக்கும் தகராறு இல்ல."

"ஆமா. பால்வண்ணம் சாப்பிட்டுட்டு மாடியில தூங்கினதாகவும் நாலரைக்குக் கூப்பிட்டதும் இறங்கி வந்ததாகவும் அவரே கீழ்க்கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காரு. மாடிக்கு வேற வழி கிடையாது. நான் அளந்து பார்த்தேன். தரை சொன்ன பேரை எல்லாம் அழிச்சிடுங்க. எனக்குப் பேரே வேண்டாம். ரூமுக்குள்ள இருந்தவரு மாடிக்குப் போனாரு. மாடியில இருந்தது அண்ணன். கதவுக்கு வெளிய இருந்தவரு தெருவுக்குப் போனாரு. தெருவுல இருந்து வந்தது தம்பி."

சடகோபன் அந்தப் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து இரண்டு முறை படித்தார். முப்பத்தைந்து வருஷ வக்கீல். எங்காவது ஒரு பொத்தல் இருக்காதா என்று அவர் தேடுவதை ஜெபசெல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் மூன்று நாள் அதைத்தான் தேடியிருந்தாள். கடைசியில் அவர் கண்ணைத் தூக்காமல் ஒன்று கேட்டார்.

"புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து அண்ணனுக்கு வச்ச பொறியா இருந்தா? புருஷன் வெளிய நின்னு பார்த்துக்கிட்டே இருந்திருந்தா?"

கேட்க அசிங்கமான கேள்விதான். ஆனால் தனக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை என்று ஜெபசெல்வியால் சொல்ல முடியாது. பொறி வைத்தவன் கதவைத் திறந்திருப்பான் அல்லது கத்தியிருப்பான். இவன் ஒன்பது நிமிஷம் நின்றான், போனான். முக்கால் மணி நேரம் கழித்து எதுவும் தெரியாதவன் போல வந்தான். மூன்றாம் நாள் போலீஸுக்கும் கூட்டிப்போனான். கோர்ட்டில் மனைவிக்காக அழுதான். அந்தக் குடும்பத்தில் அவளுக்காகச் சாட்சி சொன்ன ஒரே ஆள் அவன். பின்னே ஏன் நின்றான்? அண்ணன் மேல் பயமா, அவமானமா, கதவைத் திறந்தால் பார்க்க வேண்டிவருமே என்றா? அது எந்த உணரியிலும் விழாது.

"அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, சார்" என்றாள். "முதல் சாட்சிக்கு இது தெரியுமா தெரியாதாங்கறதும் எனக்குத் தெரியாது. தெரியாதுன்னா, திறந்த கோர்ட்டுல தீர்ப்பு வாசிக்கும்போது அவங்க இதை முதல் தடவையாக் கேட்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் நேர்ல வந்தேன்."

மேல்முறையீட்டிலும் தேவைப்பட்டால் சாட்சியைக் கூப்பிட்டுக் கேட்க நீதிபதிகளுக்கு அதிகாரம் உண்டு. அன்று மாலை நான்கு மணிக்கு முதல் சாட்சி வந்தாள். கோமதிநாயகம்தான் கூட்டிவந்தான். அவனை வெளியே வராந்தாவில் உட்காரச் சொன்னார்கள்.

நூர்ஜஹான் அம்மா அவளைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துத் தானே சொன்னார். சட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், தரை, பெயர், சாமான் என்று ஒவ்வொன்றாக. இடையில் எங்கே தடுமாறினாலும் ஜெபசெல்வி எடுத்துக்கொடுத்தாள். அந்தப் பெண் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை, அதிரவும் இல்லை. எல்லாம் முடிந்ததும் ஜெபசெல்வியைத்தான் பார்த்தாள்.

"எத்தனை நிமிசம் மேடம்?"

"ஒன்பது."

"எனக்குப் பதினஞ்சுக்கு மேல இருக்கும்னு தோணிச்சு."

அரசு வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நூர்ஜஹான் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவுக நடை எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து கேக்குதேன். வாறது கேட்டுது. வந்துட்டாக, இனி கதவைத் தெறந்துருவாகன்னு நெனைச்சேன். நின்னாக. மூச்சு வாங்குதது கேட்டுது. அப்புறம் போறதும் கேட்டுது."

கீழ்க்கோர்ட்டில் இதை ஏன் சொல்லவில்லை என்று இளைய நீதிபதி கேட்டார். குரலில் கண்டிப்பு இல்லை.

"யாரும் கேக்கல. நானாச் சொல்லிருந்தா அவுகளும் எனக்கு எதிராப் போயிருப்பாக. எனக்குன்னு சொல்ல அந்த வீட்டுல வேற யாரு இருந்தா? அவுக அண்ணன் உள்ள போகட்டும், அதுக்கு மட்டுமாவது இவுக வேணும்னு இருந்துட்டேன். சாயங்காலம் வந்து, என்னாச்சுன்னு கேட்டாகல்லா. அப்பம் முகத்தைப் பார்த்தேன். நான் சொல்லச் சொல்ல அழுதாக. நெசமாத்தான் அழுதாக."

ஜெபசெல்வியின் தலைக்குள் இரண்டு வாரமாகச் சுற்றிக்கொண்டிருந்த கேள்வி அப்போது சட்டென்று வேறு பக்கம் திரும்பி நின்றது. சாட்சியோடு பேசக் கூடாது என்ற விதியை மறந்து, நீதிபதியின் அனுமதிகூடக் கேட்காமல், அவள் கேட்டுவிட்டாள்.

"அண்ணன் பேருக்குத் தம்பி நடந்ததை அந்தப் பக்கத்துக்குச் சொன்னது நீங்களா?"

சடகோபன் தலை நிமிர்ந்தது.

"எங்க ஓர்ப்படியா, அவுக அண்ணன் சம்சாரம், கோயில்ல எதுத்தாப்ல வந்தாக. நாலு வருசமாப் பேச்சு இல்ல. நானே நிறுத்திச் சொன்னேன். அக்கா, தரை போட்ட அன்னைக்கு அத்தான் பேருக்கு எங்க வீட்டுக்காரர்தான் நடந்தாக, அதை உங்க வக்கீல்ட்ட சொல்லிப் பாருங்கன்னேன். அவுகளுக்கு நம்ப முடியல. கிறுக்கச்சியைப் பாக்குத மாதிரி பாத்தாக."

"அதைச் சொன்னா தண்டனையே போயிடுமேம்மா" என்றார் அரசு வக்கீல். பாவம், அந்த வழக்கை அவர் இரண்டு வருஷம் சுமந்திருந்தார்.

"போயிருக்கலாம் சார். ஆனா எனக்காக அந்தப் பெட்டியை யாரு தெறப்பா? நான் கேட்டா, ஜெயிச்ச கேசுல எதுக்கும்மான்னுவீங்க. அவுக கேட்டாத்தான் தெறப்பீங்க. தெறந்தா ரெண்டு பேரு நடையும் அதுல இருக்கும்னு எனக்குத் தெரியும்." அவள் ஜெபசெல்வியைப் பார்த்தாள். "பெட்டியை எடுக்க இவங்க வந்தாங்க. பேரு மட்டும் பாத்துட்டு மூடி வச்சிருவாங்களோன்னு இந்த ரெண்டு வாரமும் சோறு எறங்கல."

ஜெபசெல்வி அந்த ஒரு வரி அறிக்கையை நினைத்துப் பார்த்தாள். கையெழுத்துக்கூடப் போட்டு வைத்திருந்தாள். அது இன்னும் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தண்டனை நிற்கும் என்பதை நூர்ஜஹான் அம்மா வெளிப்படையாகச் சொல்லவில்லை. தீர்ப்புக்கு முன் சொல்லவும் கூடாது. ஆனால் சடகோபன் கோப்பைக் கட்டுகிற விதத்திலேயே அது தெரிந்தது. பதினோராம் பக்கத்தை மட்டும் தீர்ப்பில் சேர்க்காமல், முத்திரையிட்ட உறையில் வைத்துவிடலாம், நீதிபதிகள் பார்த்தால் போதும், வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நூர்ஜஹான் அம்மா கேட்டார். அவள் வீட்டைக் காப்பாற்றித் தர நினைத்து, நல்ல மனதோடு கேட்டதுதான்.

"வேண்டாம். எழுதுங்க. எழுதிட்டு அந்தப் பக்கத்துக்கு மட்டும் எனக்கு ஒரு நகல் குடுக்க முடியுமா? முத்திரை போட்டு. குடும்ப கோர்ட்டுல கேப்பாங்கல்லா, நல்ல புருசனை எதுக்கும்மா விடுதேன்னு. எங்க அம்மா வீட்டுலயும் கேப்பாங்க."

தீர்ப்பு வந்த பிறகு மனுப் போட்டால் கிடைக்கும், மூன்று வாரமாவது ஆகும் என்று இளைய நீதிபதி சொன்னார். அதுவரை அவள் எங்கே இருப்பாள் என்று நூர்ஜஹான் அம்மா கேட்டார். திருநெல்வேலியில் பெண்கள் விடுதி ஒன்று இருக்கிறது, கோர்ட் உத்தரவு இருந்தால் இன்றைக்கே இடம் கிடைக்கும் என்று அரசு வக்கீல் சொன்னார். சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.

"கோமதிநாயகத்தை விசாரிக்கணும். பொய்ச் சாட்சி சொல்லியிருக்காரு" என்று நூர்ஜஹான் அம்மா அவளிடம் சொன்னார். "நீங்க பக்கத்து ரூமுல இருக்கலாம். அவரை நீங்க பார்க்க வேண்டியதில்ல."

அவள் போவதாக இல்லை. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, கதவு நேரே தெரியும்படி போட்டுக்கொண்டாள்.

வராந்தாவில் காலடி கேட்டது. இடது குதிகால் லேசாக வெளிப்பக்கம் இறங்குகிற நடை. ஜெபசெல்விக்கு அது யார் என்று தெரிந்தது. அந்த அறையில் இன்னொருத்திக்கும் தெரிந்தது.

கோமதிநாயகம் உள்ளே வந்து நீதிபதிகளைக் கும்பிட்டான். பிறகு மனைவியைப் பார்த்து, அக்கறையோடு, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"முடிஞ்சுதா? போவமா? கடைசி பஸ்ஸை விட்டுரக் கூடாது."

"நீங்க உக்காருங்க" என்றாள் அவள். "எல்லாம் சொல்லியாச்சு. இனி நீங்கதான் சொல்லணும்."